ஒரே குடும்ப மரம், இரண்டு விருப்பங்கள்: கிராம்ப்ஸில் கணவனும் மனைவியும் சேர்ந்து வேலை செய்ய வழி உண்டா?

கேள்வி

வணக்கம். நானும் என் மனைவியும் ஒரே விண்டோஸ் கணினியில், ஒரே பயனர் கணக்கில், கிராம்ப்ஸ் மென்பொருளைக் கொண்டு எங்கள் வம்சாவளியைத் தொகுத்து வருகிறோம். அவர் என் தாய்மாமன் மகள். என் அம்மாவைப் பெற்ற தாத்தாதான் அவருக்கு அப்பா வழித் தாத்தா. ஆகவே ஆளுக்கொரு மரம் வைத்துக்கொண்டால், பலரை இரண்டு இடங்களிலும் எழுத வேண்டியிருக்கும்.

ஒரே மரத்தில் வேலை செய்வதும் எளிதாக இல்லை. கிரயப் பத்திரங்களில் இருப்பதுபோல் தந்தை பெயர் முன்னால் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். தேடுவதற்கு வசதியாக அவரவர் பெயர்தான் முதலில் நிற்க வேண்டும் என்கிறார் அவர். ஒருவர் மாற்றி வைத்ததை மற்றவர் மாற்றுகிறோம். தாத்தா இறந்த நாளை, மாமாவின் நோட்டில் உள்ளபடியே "விரோதி ஆண்டு, ஆவணி, தேய்பிறை பஞ்சமி" என்று அவர் பதிந்திருந்தார். அது கால வரிசையில் சேரவில்லை என்று நான் 1949 என மாற்றிவிட்டேன். தன் அப்பா கைப்பட எழுதியதை அழித்துவிட்டேனே என்று அவர் மிகவும் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது. மரத்தை இரண்டாகப் பிரித்துவிடலாமா?

பதில் 1

தயவுசெய்து பிரிக்க வேண்டாம், ஐயா. பின்னால் ஜெட்காம் (வம்சாவளித் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) கோப்பாக எடுத்து ஒன்றில் மற்றொன்றை இறக்கினால், இருவரிடமும் உள்ள தாத்தா ஒருவரே என்பதை மென்பொருள் தானாக உணராது. அவர் இரண்டு ஆட்களாக வந்து நிற்பார், ஒவ்வொருவரையும் கையால் இணைக்க வேண்டியிருக்கும்.

பெயரை எந்த வரிசையில் காட்டுவது என்பது மரத்தில் அல்ல, அவரவர் அமைப்புகளில்தான் இருக்கிறது. விண்டோஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொண்டு, இருவருக்கும் எழுதும் உரிமையுள்ள ஒரு பொதுக் கோப்புறையைத் தரவுத்தளத்தின் இடமாக இரண்டு கணக்குகளிலும் குறித்துவிட்டால், மரம் ஒன்றாகவும் காட்சி அவரவர் விருப்பப்படியும் இருக்கும். ஒருவர் மரத்தைத் திறந்திருக்கும்போது மற்றவருக்கு அது பூட்டப்பட்டதாகத் தெரியும். அந்தப் பூட்டை ஒருபோதும் வலிந்து உடைக்காதீர்கள், மூடிவிட்டு வரச் சொல்லுங்கள். ஹோம் பெர்சன் (மரத்தின் தொடக்கப் புள்ளியாகக் குறிக்கும் நபர்) மட்டும் மரத்துடனே சேமிக்கப்படுவதால் இருவருக்கும் பொதுவானது. பிள்ளைகள் இருந்தால் மூத்தவரை அந்த இடத்தில் வையுங்கள். அங்கிருந்து மேலே போனால் இரு வழியும் கிடைக்கும்.

பதில் 2

தேதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிராம்ப்ஸுக்கு ஜூலியன், யூத, இஸ்லாமிய, பாரசீக நாட்காட்டிகள் தெரியும். நம்முடைய அறுபது ஆண்டுச் சுற்று தெரியாது. அதனால் உங்கள் மனைவி எழுதியதை அது வெறும் சொற்களாகவே வைத்துக்கொள்ளும். விரோதி என்பது 1949 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு; ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்து 2009-இலும் அதே பெயர் வந்தது. எனவே வரிசைக்கு ஆங்கிலத் தேதி வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரியே. ஆனால் நோட்டில் இருப்பதுதான் மூல ஆதாரம். 1949 என்பது நாம் கணித்துக்கொண்டது. அதிலும் ஆவணி என்று மாதம் தெரிந்திருக்கும்போது, வெறும் ஆண்டை மட்டும் எழுதி மாதத்தை ஏன் இழக்க வேண்டும்? ஆகஸ்ட் 17-ஐ ஒட்டித் தொடங்கி செப்டம்பர் நடுவில் முடியும் மாதம் அது. தேதிப் பெட்டியில் அந்த இடைவெளியைக் குறித்து, அதே நிகழ்வின் குறிப்பில் மாமாவின் சொற்களை ஓர் எழுத்தும் மாறாமல் சேருங்கள். திவசத்துக்குத் திதிதான் தேவை. அது அழிந்துவிடக் கூடாது.

பதில் 3

இருவரும் தனித்தனிக் கணினியில் வேலை செய்வதாக இருந்தால் கிராம்ப்ஸ் வெப்பைப் பாருங்கள். மரம் ஒரு சர்வரில் இருக்கும். ஆளுக்கொரு கணக்கு, பார்வையாளர் முதல் உரிமையாளர் வரை அதிகாரமும் தனித்தனியே. ஒரே கணினிதான் என்றால் அந்த உழைப்பு தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதலில் மரத்தை முழுவதுமாகப் பிரதி எடுத்துக்கொண்டு, நேற்று இரண்டு கணக்குகளாக மாற்றினோம். என் திரையில் தந்தை பெயர் முன்னால் வருகிறது, அவர் திரையில் பின்னால் வருகிறது. தாத்தாவின் இறப்புப் பதிவில் மாமாவின் வரியை என் மனைவியே திரும்ப எழுதி, நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், பஞ்சமிக்குப் பக்கத்தில் பென்சிலால் "திங்கள்" என்று மங்கலாக எழுதியிருப்பது தெரிந்தது. இனி அந்த மாதத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளை உறுதிசெய்ய வேண்டும்.