புதுப்பிப்பு: கடைமடை உவர்மண் கட்டுரையும் போலி ஆய்விதழும்

கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: வேதாரண்யம் பக்கத்துச் சம்பா வயல்களின் உவர்மண் பற்றிய கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். நான்கே நாளில் ஏற்றுக்கொண்டு 9,000 ரூபாய் கேட்டார்கள். சந்தேகப்பட்டு, வேண்டாம் என்றதும் திரும்பப் பெறவும் கட்டணம் என்றார்கள். கட்டலாமா என்று இங்கே கேட்டிருந்தேன்.

கட்டவில்லை. மன்னார்குடி அண்ணன் சொன்ன வழிதான் பலித்தது. அவர்கள் போட்டிருந்த 8 இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஒவ்வோர் இதழுக்கும் தரப்படும் அடையாள எண்) ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் தேடினேன். எண் உண்மையானது, ஆனால் அங்கே பதிவாகியிருந்த இணைய முகவரி வேறு! நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி ஒட்டிய நகல் தளம் அது. கட்டுரைகளின் டிஓஐ எண்களில் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாளம்) ஒன்றுகூடத் திறக்கவில்லை. அசல் இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். 'அது எங்களுடையது இல்லை' என்று இரண்டு நாளில் பதில் வந்தது.

எதிர்பாராதது ஒன்று: பணம் கட்டாமலே கட்டுரையை வலையேற்றிவிட்டார்கள், என் நெறியாளர் பெயரில் எழுத்துப்பிழையோடு. நல்லவேளை, பதிப்புரிமைப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நீக்கச் சொன்ன கடிதத்துக்குப் பதில் இல்லை. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அப்புறம், மறைத்து வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டைச் சமர்ப்பிப்பு (ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது) ஆகிவிடும் என்று திருவாரூர் அக்கா எச்சரித்திருந்தார். அதனால் நடந்ததை அப்படியே முகப்புக் கடிதத்தில் எழுதி, மின்னஞ்சல்களையும் இணைத்துத்தான் அனுப்பினேன். போன வாரம் மதிப்பாய்வுக்குப் போயிருக்கிறது.

யுஜிசி-கேர் பட்டியலில் (பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த தரமான ஆய்விதழ்களின் பட்டியல்) பார்க்கச் சொன்னவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் யுஜிசி அதைக் கைவிட்டுவிட்டது.