இலவம்பஞ்சு மெத்தையும் தூசு உண்ணி ஒவ்வாமையும்

கேள்வி (திருமங்கலம்):
என் ஏழு வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா என்னும் அரிப்புத் தோல்நோய்) இருக்கிறது. ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் விடியற்காலைத் தும்மலும் இளைப்பும் சேர்ந்துகொள்கின்றன. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் தூசு உண்ணி ஒவ்வாமை என்று வந்தது. தினமும் இருவேளை பெருக்கியும் ஏன் குறையவில்லை? மாமியார் தந்த இலவம்பஞ்சு மெத்தையைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள்.

மறுமொழி:
அம்மா, தூசு உண்ணி பெரும்பாலும் குடியிருப்பது தரையில் அன்று, படுக்கையில். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அவ்வுயிர், நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. கடிப்பதில்லை, அதன் எச்சத்திலுள்ள புரதங்களே மூச்சுக்குழாயை உறுத்துகின்றன, கரப்பானால் ஏற்கெனவே அரண் இழந்த தோலில் நுழைந்து அரிப்பையும் கூட்டுகின்றன. உலர்ந்த துடைப்பம் அந்தத் தூளைக் கிளப்பிவிடும், ஈரத்துணியே நல்லது.

மறுமொழி (செல்லூர்):
மெத்தையை மொட்டைமாடிச் சித்திரை வெயிலில் போட்டாலே போதும் என்று நானும் நம்பியிருந்தேன். வெயிலில் உண்ணி செத்தாலும் எச்சம் அங்கேயே கிடக்கும். மெத்தை, தலையணைகளுக்கு நெருங்கிய நெசவுள்ள ஜிப் உறை போட்டு, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். உறை மட்டுமே இளைப்பைத் தணித்துவிடாது என்பதால், மருத்துவர் தந்த இன்ஹேலரையும் தோல் களிம்பையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. கரடிப் பொம்மை இல்லாமல் அவள் உறங்கமாட்டாளே?

மறுமொழி (செல்லூர்):
பாலித்தீன் பையில் கட்டி ஒரு முழுநாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு துவைத்து நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள்.