அஞ்சாம் நாளே ஃப்ரிட்ஜா?

மால்ட்மாமா: நேத்து ஒருத்தர், முதல் தடவை வீட்ல பீர் போடறவங்களுக்கு உபதேசம் பண்ணியிருக்கார். "பாட்டில்ல அடைச்ச அஞ்சாம் நாளே ஃப்ரிட்ஜுல தள்ளுங்க, குளிர்லதான் கேஸ் ஏறும்"னு. படிச்சதுலேருந்து தூக்கம் வரலை. கேஸை உண்டாக்கறது ஈஸ்ட். அடைக்கும்போது போட்ட சர்க்கரையை அது தின்னாத்தான் கேஸ். 20, 21 டிகிரில ரெண்டு வாரம் வேணும். ஃப்ரிட்ஜுல 4 டிகிரி. ஏல் வகை பீருக்குப் போடற ஈஸ்ட் அங்க கம்பளியைப் போத்திட்டுத் தூங்கும்.

நுரைவேந்தன்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டுங்க. குளிர்ந்த தண்ணியில கேஸ் அதிகம் கரையும், பள்ளிக்கூடத்துப் பாடம். எனக்கு நுரை வந்துச்சு.

மால்ட்மாமா: கரையறது வேற, உண்டாகறது வேற! இல்லாத கேஸ் எப்படிக் கரையும்? ஏறினப்புறம் ரெண்டு நாள் குளிர வைங்க, யார் வேண்டாம்னா? ஜனவரில டொராண்டோல இட்லி மாவை ஃப்ரிட்ஜுல வெச்சா பொங்க வைக்கறீங்க? அவன் அடுப்போட விளக்கைப் போட்டு அதுக்குள்ள வைக்கறோமா இல்லையா?

ஸ்கார்பரோ சிவா: அண்ணை, என்ர பேஸ்மெண்ட் 15 டிகிரிதான். மூண்டு கிழமையாச்சு, திறந்தா சப்பெண்டு கிடக்கு.

மால்ட்மாமா: தம்பி, மாடிக்கு ஏத்துங்க. பாட்டிலை மெதுவாக் கவிழ்த்து நிமிர்த்தி, அடியில படிஞ்ச ஈஸ்ட்டைக் கிளப்பி விடுங்க. இன்னும் 10 நாள். அடுத்த தடவை ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில்லயும் அடைச்சு வைங்க. கேஸ் ஏறிடுச்சான்னு அமுக்கிப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்.

நுரைவேந்தன்: ஆக, மாமாவோட ரெண்டு வாரமும் புளுகு. மூணு வாரமாகியும் வரலையாம்!

மால்ட்மாமா: 20 டிகிரின்னு எழுதினேன். கண்ணாடியை மாத்துங்க.

பனைமரம்: எங்க ஊர்ல காலைல இறக்கின கள்ளு மத்தியானமே நுரைக்கும். இதென்ன ரெண்டு வாரத் தவம்?

மால்ட்மாமா: கள்ளு திறந்த கலயம், இது மூடின பாட்டில், கேஸ் மிஞ்சினா வெடிக்கும். 19 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை, தராசுல நிறுத்துப் போடணும்.

நுரைவேந்தன்: தராசு நகைக்கடைக்கு. எனக்குப் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்.

மால்ட்மாமா: அந்த ஸ்பூன்தானே போன கோடையில உங்க வீட்ல பாட்டிலை வெடிக்க வெச்சுது? சர்க்கரை எவ்வளவு மிச்சம்னு காட்டற ஹைட்ரோமீட்டர் மூணு நாளா ஒரே அளவு காட்டுதான்னுகூடப் பார்க்காம அடைச்ச ஆள்தானே நீங்க?

நுரைவேந்தன்: அதை ஏன் இப்ப இழுக்கறீங்க? சாம்பார் பொடிச் சண்டையில நான் உங்க பக்கம் பேசலைங்கற கோபம் இன்னும் ஆறலை போல.

பனைமரம்: அதுல மாமாதான் தப்பு.

மால்ட்மாமா: கொத்தமல்லியை வறுக்காம அரைக்கறவங்களோட எனக்கென்ன பேச்சு? கடைசியாச் சொல்றேன், ஃப்ரிட்ஜுல ஈஸ்ட் தூங்கும்.

ஸ்கார்பரோ சிவா: அண்ணை, மேல ஏத்தினா மனுசி பேசுவா. வேற வழி இருக்கோ?

நுரைவேந்தன்: ஃப்ரிட்ஜுல வைங்க.