விமானத்தில் குடித்துவிட்டு அத்துமீறும் பயணி: பக்கத்து இருக்கையில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

தாமிரபரணி:

அனைவருக்கும் வணக்கம். பன்னாட்டு விமானத்தில் அளவு மீறிக் குடித்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால் சாதாரணப் பயணி என்ன செய்யலாம், சட்டம் அவருக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

என் தாயார் அண்மையில் ஐரோப்பாவிலிருந்து சென்னைக்குத் தனியாகத் திரும்பினார். அவருக்கு அடுத்த இருக்கைக்காரர் விமானத்தில் ஏறும்போதே தள்ளாடியிருக்கிறார். ஏறிய பிறகும் கேட்கக் கேட்க அவருக்கு மது கொடுக்கப்பட்டிருக்கிறது. விளக்குகளை அணைத்த பின்னர் அம்மாவின் தோளில் சாய்வதும், விலக்கினால் கெட்ட வார்த்தைகளால் திட்டுவதுமாக இருந்திருக்கிறார். அம்மா பணியாளர்களை அழைத்துச் சொன்னபோது, "தூங்கிவிடுவார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. தரையிறங்கியதும் அந்த மனிதர் எல்லோரையும் போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தள்ளாடி வருபவரை ஏற்றிக்கொண்டதற்கும், அதன்பின் மேலும் ஊற்றிக் கொடுத்ததற்கும் யார் பொறுப்பு? இப்போது புகார் கொடுக்க நினைத்தால் எங்கே கொடுப்பது? இந்திய உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறப்படுவதில்லை, அதைப் போலப் பன்னாட்டு விமானங்களிலும் அடியோடு நிறுத்திவிட்டால் என்ன என்று என் அண்ணன் கேட்கிறார். அது பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முகில்வழி:

தாமிரபரணி அவர்களுக்கு வணக்கம். உங்கள் தாயாருக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். நான் பன்னாட்டுத் தடங்களில் கேபின் பணியாளராகப் பல ஆண்டுகள் இருந்தவள். தொந்தரவுக்கு ஆளான பயணியிடம் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் உரிமை எங்களில் யாருக்கும் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தள்ளாடி வருபவரை முதலில் பார்ப்பவர்கள் செக்-இன் முகப்பிலும் போர்டிங் வாயிலிலும் நிற்கும் தரைப் பணியாளர்கள். அவரை ஏற்ற மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒருவரை விட்டுவிட்டுப் புறப்படுவதென்றால், பாதுகாப்பு விதிகளின்படி அவர் ஏற்றிய பெட்டியையும் விமானத்தின் அடிவயிற்றிலிருந்து தேடி இறக்கியாக வேண்டும். அதற்குள் புறப்பாட்டு நேரம் தவறிவிடும். தாமதத்துக்கு யார் காரணம் என்ற கேள்வி வாயிலில் நிற்கும் இளம் பணியாளரின் தலையில்தான் வந்து விழும் என்பதால், உள்ளே போய் உட்கார்ந்தால் சரியாகிவிடுவார் என்று நம்பி அனுப்பிவிடுகிறார்கள். நான் கண்ட தகராறுகளில் பல, தரையிலேயே தடுத்திருக்கக்கூடியவை.

உள்ளே வந்தபின் பொறுப்பு எங்களுடையது. எகானமி வகுப்பில் மது பெரும்பாலும் சிறிய போத்தல்களிலேயே வரும் என்பதால், யார் எவ்வளவு குடித்தார் என்று கணக்கு வைத்துக்கொள்வது எளிது எனத் தோன்றலாம். உண்மையில், உணவு வண்டியோடு வந்து முதலில் கொடுப்பவர் ஒருவர், நள்ளிரவில் மணி அடித்தால் வருபவர் வேறொருவர், பின்பக்கச் சமையலறைக்கே நடந்துவந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பவர் மூன்றாமவர். ஒருவர் கொடுத்ததை மற்றவருக்குச் சொல்லாவிட்டால், ஆறாவது போத்தலும் கொடுத்தவருக்கு இரண்டாவதாகத்தான் தெரியும். இதைத் தவிர்க்கவே பல நிறுவனங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பயணியின் நிலையை வகைப்படுத்தி ஒருவருக்கொருவர் அறிவிக்கும் முறை இருக்கிறது. மஞ்சளுக்கு வந்தவருக்கு உணவும் தண்ணீரும் முந்தும், மது பிந்தும். சிவப்புக்கு வந்தவருக்கு மது கிடையாது. "நீங்கள் குடித்திருக்கிறீர்கள்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை மூளும் என்பதால் அந்தச் சொற்களைத் தவிர்த்து மறுக்கவும் எங்களுக்குப் பயிற்சி உண்டு. இவற்றுக்கெல்லாம் எட்டாத ஒன்றும் இருக்கிறது: டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய போத்தலைப் போர்வைக்குள் வைத்துத் திறந்து குடிப்பவர்கள். அதை நாங்கள் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்து இருக்கைக்காரர்தான் பார்ப்பார்.

ஆகவே இனி பயணம் செய்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் தொந்தரவிலேயே சொல்லுங்கள். சாதாரணப் பணியாளரிடம் சொல்வதோடு நிற்காமல் கேபின் பொறுப்பாளரை வரச்சொல்லி, "எனக்குப் பாதுகாப்பாக இல்லை, இதை கேப்டனுக்குத் தெரிவியுங்கள்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். கேப்டனின் காதுக்குப் போன செய்தியை வெறும் சங்கடமாக நினைத்து யாரும் தள்ளிவிட முடியாது. காலி இருக்கை இல்லை என்பதும் முழுப் பதிலாகாது. மனமுவந்து இடம் மாறிக்கொள்ளும் பயணிகள் எல்லா விமானத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு ஏற்பாடு செய்வது எங்கள் வேலை.

துலாக்கோல்:

நான் வழக்குரைஞர். முகில்வழி அவர்கள் சொன்னவற்றோடு சட்டத்தின் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

இந்தியாவில் இந்தப் பொருள் பெரிதாகப் பேசப்பட்டது 2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட நிகழ்ச்சியால்தான். பிசினஸ் வகுப்பில் குடிபோதையில் இருந்த ஆண் பயணி ஒருவர் முதிய பெண் பயணியின் மீது சிறுநீர் கழித்தார் என்பது புகார். அவர் அதை மறுத்தார். டெல்லி காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிந்தது 2023 ஜனவரியில்தான். அதன் பிறகே அவர் கைது செய்யப்பட்டார். நிறுவனத்தின் உள்குழு அவருக்கு நான்கு மாதப் பறக்கும் தடை விதித்தது. டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விமானத்தை ஓட்டிவந்த தலைமை விமானியின் உரிமத்தையும் மூன்று மாதம் நிறுத்திவைத்தது. குடித்தவரின் செயல் ஒரு குற்றம், அதைக் கையாளாமல் விட்டது தனிக் குற்றம் என்று ஒழுங்குமுறை அமைப்பே ஏற்றுக்கொண்டது இங்கே நமக்கு முக்கியம். தாமிரபரணி அவர்கள் எழுப்பிய பொறுப்புக் கேள்விக்கு விடையும் அதுவே.

டிஜிசிஏ 2017இல் திருத்திய விதிகள் அத்துமீறலை மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றன. வாய்ச்சொல்லாலும் சைகையாலும் செய்யும் தொல்லைக்கு மூன்று மாதம் வரையும், தள்ளுதல், பிடித்தல், தகாத முறையில் தொடுதல் ஆகியவற்றுக்கு ஆறு மாதம் வரையும், உயிருக்கு ஆபத்தான செயல்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டும் பறக்கத் தடை விதிக்கலாம். உங்கள் தாயாருக்கு நேர்ந்தது இரண்டாம் நிலையில் வரக்கூடியது. ஓய்வுபெற்ற மாவட்ட அமர்வு நீதிபதியின் தலைமையில் நிறுவனம் அமைக்கும் குழு 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் விதித்த தடை மற்ற நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தாது என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை என்றே நான் கருதுகிறேன். இன்று ஒரு விமானத்தில் பெண்ணைத் தொந்தரவு செய்தவர் நாளை வேறு நிறுவனத்தில் சீட்டு வாங்கிப் பறக்கலாம்.

இவை நிர்வாக நடவடிக்கைகள். குற்றவியல் சட்டம் தனி. பெண்ணின் மாண்பைக் குலைக்கும் நோக்கில் தாக்குவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவிலும், அதே நோக்கிலான சொல்லும் சைகையும் 79ஆம் பிரிவிலும் வருகின்றன. போதையில் என்ன செய்தேன் என்று தெரியவில்லை என்ற வாதம், தன் விருப்பத்துக்கு மாறாகவோ தனக்குத் தெரியாமலோ போதையூட்டப்பட்டவருக்குத்தான் விலக்கு தரும். காசு கொடுத்தோ இலவசமாகவோ தானே வாங்கிக் குடித்தவருக்குத் தராது.

பறக்கும்போது கேப்டனுக்கு உள்ள அதிகாரம், விமானத்தில் நடக்கும் குற்றங்கள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கையிலிருந்து வருகிறது. அத்துமீறுபவரைக் கட்டிவைக்கவும், இறக்கிவிடவும், தரையில் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதற்குப் பயணிகளின் உதவியையும் அவர் கேட்கலாம். விமானத்தின் பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து என்றால், கேப்டன் சொல்வதற்குக் காத்திராமல் பயணிகளே நியாயமான தடுப்பு நடவடிக்கை எடுக்கவும் அந்த உடன்படிக்கை இடம் தருகிறது.

வேம்படி:

நான் மருத்துவன். "தூங்கிவிடுவார்" என்ற பதில் குடித்தவருக்கும் நல்லதன்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல இராது. ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமீது இருப்பதற்கு ஒப்பாக வைக்கப்படுகிறது. ஆகவே எல்லோருடைய இரத்தத்திலும் ஆக்சிஜன் சற்றுக் குறைகிறது. வானத்தில் ஒரு கோப்பை இரண்டு கோப்பைக்குச் சமம் என்று பலரும் நம்புகிறார்கள். இரத்தத்தில் ஏறும் ஆல்கஹாலின் அளவு உயரத்தால் கூடிவிடுவதில்லை. ஆக்சிஜன் குறைவு, களைப்பு, தூக்கமின்மை, வெறும் வயிறு ஆகியவை அதனோடு சேர்ந்துகொள்வதால்தான் மனிதர் நிதானம் இழக்கிறார். ஜெர்மானிய விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், விமான அழுத்தத்தை ஒத்த அறையில் மது அருந்திவிட்டுத் தூங்கிய இளம் வயதினருக்கு ஆக்சிஜன் செறிவு ஏறத்தாழ 85 சதவீதத்துக்கு இறங்கியது, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 88 வரை ஏறியது. அவர்கள் உடல்நலம் மிக்கவர்கள். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர் அளவு மீறிக் குடித்து மயங்கிக் கிடந்தால் அதை உறக்கம் என்று விட்டுவிடக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போகும் ஆபத்தும் இருக்கிறது.

நீண்ட பயணத்தில் தூக்க மாத்திரையை மதுவோடு சேர்த்து விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாதி விழிப்பில் எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று அறியாமல் நடந்துகொள்ளக்கூடும். இப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள், மதுவைத் தொடக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கரைவலை:

தாமிரபரணி அவர்களின் அண்ணன் கேட்டதற்கு என் கருத்து. நான் வளைகுடாவில் வேலை செய்கிறேன். சவுதியா, குவைத் ஏர்வேஸ் போன்ற நிறுவனங்கள் மது பரிமாறுவதே இல்லை, அவற்றின் விமானங்கள் நிரம்பித்தான் பறக்கின்றன. ஆகவே மது இல்லாமல் நெடும்பயணம் நடக்காது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் விமானத்தில் மட்டும் நிறுத்தினால், விமான நிலைய மதுக்கூடத்தில் இரண்டு மடங்காகக் குடித்துவிட்டு ஏறுவார்கள். இங்கிலாந்தில் பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் உள்ள மதுக்கூடங்கள் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்துக்கு உட்படாதவை, அதிகாலையிலேயே அங்கே பீர் கிடைக்கும். ரயன்ஏர் நிறுவனம் 2024இல், விமான நிலையத்தில் ஒருவருக்கு இரண்டு கோப்பைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கேட்டது. விமானத்தில் அந்த நிறுவனமே மது விற்கிறது என்பது உண்மைதான், ஆயினும் கோரிக்கை சரியானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மதுவை நிறுத்தினால் எல்லாம் அடங்கிவிடும் என்பதற்கும் சான்று இல்லை. அமெரிக்காவில் 2021இல் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் மது விற்பனையை நிறுத்திவைத்தது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எகானமி வகுப்பில் நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு அந்நாட்டில் அத்துமீறல் புகார்கள் ஏறத்தாழ 6,000 வந்தன, அவற்றில் பெரும்பகுதி முகக்கவசம் அணிய மறுத்ததால் வந்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடித்துத் தகராறு செய்பவர் என்றாலே, விடுமுறைக்கு ஊர் திரும்பும் வளைகுடாத் தொழிலாளியைத்தான் பலரும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். பணியாளர்கள் எங்களிடம் காட்டும் கடுமையை முன்வகுப்பில் இருப்பவர்களிடம் காட்டுவதில்லை. துலாக்கோல் அவர்கள் குறிப்பிட்ட 2022ஆம் ஆண்டு நிகழ்ச்சி பிசினஸ் வகுப்பில் நடந்ததாகச் சொல்லப்பட்டது. கோப்பையை நிறுத்தும் விதி இருக்கை விலையைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றாக நடக்க வேண்டும்.

தாமிரபரணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவர் புகார் கொடுக்க முன்வந்துவிட்டார். ஒரு விவரத்தை நான் குறிப்பிடவில்லை. அது வெளிநாட்டில் பதிவான விமானம். தொந்தரவு செய்தவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்ததை அம்மா பார்த்திருக்கிறார். இதனால் ஏதேனும் மாறுமா?

துலாக்கோல்:

மாறும், ஆனால் வழி அடைபடவில்லை. டோக்கியோ உடன்படிக்கையின்படி, விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்கே முதன்மையான அதிகாரம். தரையிறங்கும் நாட்டுக்கும் அதிகாரம் கொடுக்க 2014இல் மான்ட்ரியலில் அந்த உடன்படிக்கையைத் திருத்தும் ஒரு நெறிமுறை உருவாகி, 2020 ஜனவரி 1 முதல், ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கிடையே நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வழக்கில் அதை நம்பியிருக்கத் தேவையில்லை. இந்தியக் குடிமகன் உலகின் எந்த இடத்தில் செய்த குற்றத்துக்கும் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். வெளிநாட்டில் நடந்ததாகக் கருதப்படும் குற்றத்தை இந்திய நீதிமன்றம் விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்கு முன் காவல்துறை புலனாய்வு செய்யத் தடையில்லை.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், தங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று அவர்கள் மறுக்கக் கூடாது. மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். விமான நிறுவனத்துக்கும், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் அதே நாளில் எழுதுங்கள். விமான எண், தேதி, இரு இருக்கை எண்கள், அம்மா பணியாளர்களை அழைத்த தோராயமான நேரம், அவர்கள் சொன்ன பதில் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். அந்தப் பறப்பின் கேபின் அறிக்கையையும் பயணிகள் பட்டியலையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி நிறுவனத்தை எழுத்தில் கேளுங்கள். இருக்கை வரிசைகளில் கேமரா பதிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே முன்வரிசையிலோ பின்வரிசையிலோ இருந்த யாரேனும் அம்மாவிடம் பேசியிருந்தால், அவர்களைத் தேடிப் பிடிப்பதை இந்த வாரமே தொடங்குங்கள்.