பிள்ளைகளோடு கொரியாவில்: பிறப்புச் சான்றிதழ் முதல் பள்ளிச் சாப்பாடு வரை – அனுபவப் பகிர்வு

(தென்கொரியாவின் பல ஊர்களில் பிள்ளைகளோடு இருக்கும் தமிழர்கள், புதிதாக வருபவர்களுக்காக எழுதியவை. ஒவ்வொரு பகுதியின் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்.)

சுவோனிலிருந்து

மிக்சி, குக்கர், புளி என்று பட்டியல் போடுவதற்கு முன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த கையோடு வாங்கிய சான்றிதழ் என்றால் பல சமயம் அதில் குழந்தையின் பெயர் இருக்காது. அப்பா அம்மா பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். பெயர் சேர்த்த புதுப் பிரதி வாங்கி, நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் (தாள் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் சான்று) வாங்கிய பிறகு விமானம் ஏறுங்கள். எஃப்-3 குடும்ப விசா, ஏஆர்சி என்று நாம் சொல்லும் வெளிநாட்டவர் பதிவு அட்டை, மருத்துவக் காப்பீட்டில் பிள்ளையைச் சேர்ப்பது என்று எங்கே போனாலும் உறவுக்கு ஆதாரம் இந்தத் தாள்தான். திருமணச் சான்றிதழுக்கும் இதே வேலையை முடித்துவிடுங்கள். இங்கே வந்தபின் ஊருக்கு அனுப்பி முத்திரை வாங்கினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

நமக்கு மட்டும் இந்தத் தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இனிஷியல். கொரியாவில் மனைவி கணவன் பெயரைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் அம்மாவின் குடும்பப்பெயர் வேறாக இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைக்கு மட்டும் அப்பாவின் குடும்பப்பெயர் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். நம்மிடம் முருகன் செல்வத்தின் மகள் இனியா முருகன். கவுன்டரில் இருப்பவருக்கு இது இரண்டு வேறு குடும்பமாகத் தெரியும். வாயால் விளக்கிப் பயனில்லை, அப்போஸ்டில் போட்ட தாளை நீட்டினால் முடிந்தது.

ஏஆர்சிக்கு நாட்டுக்குள் நுழைந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடிவரவுத் துறையின் ஹைகொரியா இணையதளத்தில் முன்பதிவு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இறங்கிய வாரமே தேதி பிடித்துவிடுங்கள். 17 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது. சந்தேகம் இருந்தால் வெளிநாட்டவர் உதவி எண் 1345க்கு அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம்.

அட்டை வந்ததும் அம்மாவின் பெயரிலேயே ஒரு கைபேசி எண் எடுங்கள். கணவர் பெயரிலுள்ள சிம்மை அம்மா வைத்திருந்தால் பள்ளிச் செயலி, ஆஸ்பத்திரி முன்பதிவு எதிலும் ‘இது நான்தான்’ என்று உறுதிசெய்ய முடியாது. பெயரில் எழுத்து, வரிசை, இடைவெளி எல்லாம் ஏஆர்சியில் இருப்பது போலவே கடையில் பதிகிறார்களா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஓர் இடைவெளி மாறினாலும் உறுதிசெய்தல் தோற்கும்.

ஹ்வாசொங், நாம்யாங்கிலிருந்து

சுவோன் அண்ணா சொன்னதோடு தடுப்பூசி அட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஹூண்டாய் ஆராய்ச்சி மையத்துக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது நான்கு பார்ப்பார்கள்: டிடிஏபி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) ஐந்தாம் தவணை, போலியோ ஊசி நான்காம் தவணை, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) இரண்டாம் தவணை, ஜப்பானிய மூளைக்காய்ச்சல். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது எம்ஆர். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும்தான். பொன்னுக்குவீங்கி அதில் இல்லை. கொரியக் கணக்கில் எம்எம்ஆர் 12 முதல் 15 மாதத்தில் ஒன்று, 4 முதல் 6 வயதில் ஒன்று. ஒன்பதாம் மாதம் போட்டதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகவே அரசு மையத்தில் எல்லாம் போட்டாயிற்று என்ற பிள்ளைக்கும் இங்கே எம்எம்ஆர் பாக்கி நிற்கும். மூளைக்காய்ச்சல் ஊசி நம் ஊரில் எல்லா மாவட்டத்திலும் போடுவதில்லை, அதுவும் பாக்கி. பயப்பட ஒன்றுமில்லை. 12 வயது வரை தேசியப் பட்டியலில் உள்ள ஊசிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இலவசம். ஆனால் தவணைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். பிப்ரவரியில் வந்து மார்ச்சில் பள்ளி என்றால் அதற்குள் எல்லாத் தவணையும் போட்டு முடிக்க முடியாது.

அட்டையைப் போகன்சோ என்கிற பொதுச் சுகாதார மையத்துக்கு எடுத்துப்போய்ப் பழைய ஊசிகளைக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் டாக்டர் கிறுக்கியிருப்பது கம்பெனிப் பெயர். அவர்களுக்குத் தேவை எந்த நோய்க்கான ஊசி என்பது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 05/08/2019 என்பதை அப்படியே கொடுத்தால் ஆகஸ்ட் 5 ஆக ஏறுமா, மே 8 ஆக ஏறுமா என்பது அன்றைக்கு உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. தப்பாக ஏறினால் தவணை இடைவெளி போதாது என்று அந்த ஊசியையே மறுபடி போடச் சொல்லலாம்.

வகுப்பு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பள்ளியாண்டு மார்ச்சில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. 2019இல் பிறந்தவர்கள் 2026 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பு. கொரியப் பிள்ளைகளுக்குச் சேர்க்கை அறிவிப்பு வீடு தேடி வரும். நம் பிள்ளைகளுக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள், பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு நாமே போய்க் கேட்க வேண்டும்.

தேஜோனிலிருந்து

பள்ளிச் சாப்பாடு பற்றி நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன். சைவக் குடும்பங்களுக்கு இது ஊசியைவிடப் பெரிய கவலை.

மாதக் கடைசியில் அடுத்த மாத மெனு வரும். ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் சின்ன எண்கள் இருக்கும். அவை ஒவ்வாமை எண்கள், நாடு முழுக்க ஒன்றேதான். கொரிய மொழி தெரியாமலே இந்த எண்களை வைத்து முக்கால்வாசி படித்துவிடலாம். 1 முட்டை, 2 பால், 4 வேர்க்கடலை, 5 சோயா, 6 கோதுமை. 7 கானாங்கெளுத்தி, 8 நண்டு, 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு, 17 கணவாய், 18 சிப்பி வகை. 7 முதல் 10 வரையும் 15 முதல் 18 வரையும் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். முதல் வடிகட்டல் இது.

இரண்டாம் வடிகட்டல்தான் முக்கியம், இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இது ஒவ்வாமைப் பட்டியல், சைவ அசைவப் பட்டியல் இல்லை. கானாங்கெளுத்தி தவிர வேறு மீனுக்கு எண் கிடையாது. நெத்திலிக்கு எண் கிடையாது. வாத்துக்கும் கிடையாது. ‘ஒமுக்’ என்று ஒன்று வரும், பார்க்க வறுத்த பன்னீர்த் துண்டு மாதிரி இருக்கும், பக்கத்தில் 5, 6 மட்டும் போட்டிருக்கலாம். அது அரைத்த மீன். தெஞ்சாங் குக் என்கிற சோயா விழுதுக் குழம்பிலும் 5, 6தான் போட்டிருக்கும். கொதிக்கவைத்த தண்ணீர் பெரும்பாலும் நெத்திலித் தண்ணீர். ‘குக்’, ‘ஜிகே’ என்று முடிகிற எதையும் கேட்காமல் சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும், 9 இருந்தால் இறால் நிச்சயம். கீரை, முளைகட்டிய பயறு போன்ற நாமுல் வகைகளிலும் சில சமையலறைகள் மீன் சாறு ஒரு கரண்டி விடும். எக்ஜொத் என்பது மீன் சாறு, மியோல்ச்சி என்பது நெத்திலி. இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வகுப்பாசிரியரிடம் சொல்லும்போது ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றும். ‘ஆன் மொகொயோ’ என்றால் ‘சாப்பிட மாட்டான்’. கேட்பவருக்கு அடம் பிடிக்கிற பிள்ளை என்று தோன்றும்; ஒரே ஒரு வாய் என்று அன்போடு ஊட்டிப் பார்ப்பார்கள். ‘மொன் மொகொயோ’ என்றால் ‘சாப்பிட முடியாது, கூடாது’. இதைத்தான் சொல்ல வேண்டும். இறைச்சி என்பதற்குக் ‘கோகி’ என்று மட்டும் சொன்னால் ஹாமும் மீனும் தட்டில் வந்துவிடும். கோகி, ஹேம், செங்சொன், ஹேசான்முல், மியோல்ச்சி யுக்சு: இறைச்சி, ஹாம், மீன், கடலுணவு, நெத்திலித் தண்ணீர். ஐந்தையும் தனித்தனியாகத் தாளில் எழுதி ஆசிரியருக்கு ஒன்று, யொங்யாங்சா என்கிற உணவியலாளருக்கு ஒன்று கொடுங்கள். மெனு போடுவது அவர்தான். முட்டை, பால் சாப்பிடும் பிள்ளை என்றால் அதையும் தவறாமல் எழுதுங்கள், எழுதாவிட்டால் அவற்றையும் நிறுத்திவிடக்கூடும்.

வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்பக் கேட்டால் பள்ளி தயங்கும். அது வெறுப்பு இல்லை. பள்ளிச் சமையலறை ஒவ்வொரு நாள் உணவிலும் மாதிரி எடுத்து உறைநிலையில் மைனஸ் 18 டிகிரியில் 144 மணி நேரம் வைத்திருக்க வேண்டும்; யாருக்காவது வயிறு கெட்டால் எதனால் என்று பார்ப்பதற்காக. வெளியிலிருந்து வரும் டப்பா அந்தக் கணக்குக்குள் அடங்காது. ‘முழுச் சாப்பாடு இல்லை, சோறு பள்ளியில், தொட்டுக்கொள்ள மட்டும் வீட்டிலிருந்து’ என்று கேட்டால் பல பள்ளிகள் இறங்கிவருகின்றன. பொரியல், சுண்டல், வறுத்த டோஃபு நல்லது. தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் நாறிவிடும். சூடாக வைக்கிற குடுவை வாங்கினால் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு அப்புறம் சாப்பாடு போடுங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டரைக்கு ஆறிப்போயிருக்கும்.

சோறு பற்றி ஒன்று: புளியோதரைக்கு இங்குள்ள குட்டை அரிசி ஒட்டும்தான், ஆனால் ஆறினாலும் விறைக்காது. தண்ணீரைக் குறைத்து வேகவைத்து, தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கிளறினால் டப்பாவுக்கு நம் பொன்னியைவிட இதுவே தேவலை.

சியோலிலிருந்து

ஒரினிஜிப் என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிற சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம்.

மருந்து கொடுக்க வேண்டுமென்றால் டீச்சரிடம் வாயால் சொன்னால் போதாது. தூயாக் உய்ரொயிசோ என்று ஒரு படிவம் உண்டு, செயலியிலும் நிரப்பலாம். அறிகுறி, மருந்தின் வகை, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, குளிர்பெட்டியில் வைக்கணுமா என்பதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முழு பாட்டிலை அனுப்பக் கூடாது. அன்றைக்கு ஒருவேளை அளவை மட்டும் சின்னப் புட்டியில் ஊற்றி, பெயர் ஒட்டி அனுப்புங்கள். காலிப் புட்டி மருந்துக்கடையில் கேட்டால் தருவார்கள். பொடி மருந்து ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாகவே கட்டித் தருவதால் சிக்கல் இல்லை. முன்கூட்டியே சிரப்பில் கலந்து அனுப்பாதீர்கள், அடியில் படிந்து பாதி புட்டியிலேயே நின்றுவிடும்.

கை-கால்-வாய் நோய், ஃப்ளூ வந்தால் குணமான பிறகும் டாக்டர் கடிதம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். கடைசியாகக் காட்டப் போகும் நாளிலேயே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அதற்கென்று இன்னொரு நாள் வரிசையில் நிற்க வேண்டும். இரவில் காய்ச்சல் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு ஓடாதீர்கள். ‘தால்பித் ஒரினி பியோங்வொன்’ தேடுங்கள், நிலவொளிக் குழந்தைகள் மருத்துவமனை என்று அர்த்தம். இவை பெரும்பாலும் வாரநாளில் இரவு 11 வரை, விடுமுறையில் மாலை 6 வரை இருக்கும். எது திறந்திருக்கிறது என்று அவசர உதவி எண் 119இல் கேட்டாலே சொல்வார்கள். வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் அதே 119இல் ஆம்புலன்ஸ், காசு கிடையாது. பிள்ளையின் எடை கிலோவில் நாக்கு நுனியில் இருக்கட்டும், முதலில் கேட்பது அதைத்தான்.

இன்ச்சோன், சொங்தோவிலிருந்து

பிள்ளைகள் ஓடும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் புகார் செய்யும் விஷயத்தை யாரும் எழுதவில்லையே. பிள்ளைகளோடு அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு முதல் மூன்று மாதத்திலேயே இது வந்து நிற்கும்.

ஓடுவது, குதிப்பது போன்ற சத்தத்துக்குச் சட்ட வரம்பு ஒரு நிமிடச் சராசரியில் பகலில் 39 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 34. 2023இல்தான் 43, 38 என்றிருந்ததை இப்படிக் குறைத்தார்கள். நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள பாய் போடுங்கள், கூடத்தில் மட்டும் இல்லை, அறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நடைவழியிலும். பிள்ளைகள் வேகமெடுப்பது அங்கேதான். பெரியவர்களும் குதிகால் ஊன்றி நடக்காதீர்கள். அதற்குப் ‘பால்மாங்ச்சி’ என்று பெயரே உண்டு, கால் சுத்தியல் என்று அர்த்தம். பாயை வாரம் ஒருமுறை தூக்கிக் காயவிடுங்கள். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற வீடு என்பதால் பாய்க்குக் கீழே ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும், தரை நிறம் மாறும். வீடு காலி செய்யும்போது அதற்குக் காசு கேட்பார்கள்.

புகார் வந்தால் கீழே போய்க் கதவைத் தட்டாதீர்கள். அவர்களும் நேரே வராமல் குவால்லி சாமுசோ என்கிற நிர்வாக அலுவலகம் வழியாகச் சொல்வதே இங்கே முறை. முற்றினால் 1661-2642இல் நடுவர் சேவை உண்டு.

கிரைண்டர் கொண்டுவருபவர்களுக்கு: இங்கே 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் கிரைண்டர் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும், இழுவை குறையும். முழு அளவு போட்டால் திணறும், மாவும் சூடாகும். முக்கால் அளவு போட்டு ஐஸ்தண்ணீர் விடுங்கள். பிளக் முனையும் பொருந்தாது, மாற்ற வேண்டும். தரையில் வைத்து அரைக்காதீர்கள், ரப்பர் விரிப்புப் போட்டு மேடையில் வையுங்கள். காலை ஆறு மணிக்கு ஓட்டினால் குழந்தை ஓடுவதைவிட அதுதான் கீழே கேட்கும். மாவு புளிப்பதற்கு மட்டும் அந்தச் சூட்டுத் தரை சொர்க்கம். ஜனவரியிலும் பாத்திரத்தைத் தரையில் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

உல்சானிலிருந்து

நடுப்பருவத்தில் ஊருக்குப் போகிறவர்கள் ‘சேஹொம் ஹக்சுப்’ (பள்ளிக்கு வெளியே அனுபவக் கல்வி) படிவம் போட்டுவிட்டுப் போங்கள். கிளம்புமுன் விண்ணப்பம், திரும்பியதும் படங்களோடு அறிக்கை. இரண்டும் இருந்தால் அந்த நாட்கள் வருகையில் சேரும். ஆண்டுக்கு எத்தனை நாள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், முதலிலேயே கேளுங்கள். அதைத் தாண்டினால் அனுமதியில்லா விடுப்பு என்று பதிவாகும். பொங்கல் பெரும்பாலும் குளிர்கால விடுமுறைக்குள் வந்துவிடும். மே மாதக் கல்யாணங்கள்தான் இந்த நாட்களை விழுங்கும்.

சுவோனிலிருந்து மீண்டும்

இங்கேயே குழந்தை பிறக்கப் போகிறவர்கள் கேட்டிருந்தார்கள். காப்பீட்டில் இருந்தால் கர்ப்பச் செலவுக்கு ஒரு குழந்தைக்கு 10 லட்சம் வொன் அட்டையில் வரும், வெளிநாட்டவருக்கும் உண்டு. குழந்தை பிறந்த 90 நாளுக்குள் அதற்குத் தங்கும் தகுதி வாங்க வேண்டும். அதற்கு முன் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் கடவுச்சீட்டும் ஆக வேண்டும். மருத்துவமனை தரும் பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் தூதரகப் படிவத்தில் பெயரும் குடும்பப்பெயரும் எழுதியாக வேண்டும். அப்பாவின் பெயரா, அப்பாவின் கடவுச்சீட்டிலுள்ள குடும்பப்பெயரா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். இங்கேயே நெடுநாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதுதான் நல்லது. மேலே சொன்ன கவுன்டர் விளக்கம் அந்தக் குழந்தைக்குத் தேவைப்படாது.