பெட்டியில் போடும் மடக்குக் கத்தி திருடுபோகாமல் இருக்க வழி உண்டா?

கேள்வி: அப்பா தந்த கொம்புப்பிடி மடக்குக் கத்தி ஒன்று இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை. பதிவுப் பெட்டியில் போடப் பயமாக இருக்கிறது. பூட்டு போதுமா?

பதில் 1: ஜிப் பெட்டி என்றால் பூட்டு வெறும் அலங்காரம். ஜிப் பற்களுக்கு நடுவே பால்பாயிண்ட் பேனாவைக் குத்தினால் வாய் பிளந்துவிடும். இழுப்பானை ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும். தடயமே இருக்காது. ஜிப் இல்லாத, கொக்கி போட்ட கெட்டிப் பெட்டி வாங்குங்கள். டிஎஸ்ஏ பூட்டு (அமெரிக்க விமான நிலையச் சோதனையாளர்கள் பொதுச்சாவியால் திறக்கக்கூடியது) போட்டாலும் பயனில்லை. அந்தப் பொதுச்சாவியின் படங்கள் 2015-லேயே இணையத்தில் கசிந்து, முப்பரிமாண அச்சில் நகலும் எடுத்தாகிவிட்டது.

பதில் 2: வெளிப்பையில் வைக்காதீர்கள். துணியில் சுற்றி, துவைக்க வேண்டிய காலுறைகளுக்கு நடுவே திணியுங்கள். சோதிப்பவர் கையை அறுக்காதபடி மடக்கிக் கட்டுங்கள்.

பதில் 3: எண்ணுடன் கூடிய பிளாஸ்டிக் முத்திரையும் போடுங்கள். திருட்டைத் தடுக்காது, ஆனால் திறந்தது தெரியும். பொருள் குறைந்தால் விமான நிலையத்திலேயே புகார் எழுதிக் கொடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதப் புகாருக்கு 7 நாள்தான் கெடு.

பதில் 1 (மீண்டும்): ஈடு கிடைத்தாலும் அப்பாவின் கத்தி கிடைக்காதே! நானாக இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு, மலிவான ஒன்றை எடுத்துப்போவேன்.