தாடை ஓரத்துப் பரு 32 வயதிலும் விடவில்லை: க்ரீமா, மாத்திரையா, டெஸ்டா?

மீரா_நங்கநல்லூர்:

வணக்கம். விவரத்தை நேராகவே எழுதிவிடுகிறேன். வயது 32. பரு வருவது தாடை ஓரம், மோவாய், காதுக்குக் கீழே கழுத்து, இவ்வளவுதான். நெற்றியில் ஒன்றும் இல்லை. பீரியட்ஸுக்கு ஏழெட்டு நாள் முன்னால் தோலுக்கு அடியில் உருண்டையாகத் திரள்கிறது. முனை வைப்பதில்லை, தொட்டால் வலி. அமுங்க இரண்டு மூன்று வாரம், அமுங்கினபிறகு கறுப்புத் தடம். பீரியட்ஸ் 35 முதல் 42 நாளுக்கு ஒருமுறை.

இப்போது போடுவது: சாலிசிலிக் 2% ஃபேஸ்வாஷ் நாளுக்கு நான்கு முறை. பருவின் மேல் மட்டும் அடாபலீன் 0.1% ஜெல். கூடவே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு நைட் க்ரீம். அட்டையில் மொமெட்டசோன், ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் என்று இருக்கிறது. எல்லாம் ஆறு வாரமாக. முதல் பத்து நாள் முகம் பளிச்சென்று ஆனது, இப்போது எரிச்சலும் பொடிப்பொடியாகப் புதுப் பருவும்.

எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? ஹார்மோன் டெஸ்ட் தேவையா? ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை யாருக்கு?

தாமரை_தோல்நலம்:

மீரா, முதலில் அந்த நைட் க்ரீம். மற்றதெல்லாம் அப்புறம்.

மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முதல் பத்து நாள் பளிச்சென்று இருந்ததற்குக் காரணம் அதுதான்: ரத்தக்குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும், வீக்கத்தை அமுக்கும். வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும், ஒரே அளவில் பொடிப்பொடியாக ஸ்டீராய்டு பரு கிளம்பும். நீங்கள் சொல்லும் புதுப் பரு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். 2018 மார்ச்சில் மத்திய அரசு தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கவுண்டரில் கேட்டால் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

நிறுத்தினதும் சில நாளில் முகம் சிவந்து, எரிந்து, பரு கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் அதே க்ரீமுக்குப் போவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு வாரம் ஆகிவிட்டதால் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு அவர் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் பிரிவு இருக்கிறது, காலை ஓ.பி.க்குப் போகலாம். போகும்போது அந்த ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ ஒரு வெள்ளை க்ரீம்" என்று சொன்னால் அவரால் ஊகிக்கத்தான் முடியும்.

நிறுத்தினபின் இரண்டு வாரம் நுரை குறைந்த மென்மையான க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இவ்வளவே. அடாபலீனும் வேண்டாம், சாலிசிலிக்கும் வேண்டாம். எரிச்சல் அடங்கினபிறகு அடாபலீனை முறையாக ஆரம்பிக்கலாம்.

அடாபலீனைப் பருவின் மேல் மட்டும் வைப்பதில் பயன் மிகக் குறைவு. இன்று வெளியே தெரிகிற பரு பல வாரங்களுக்கு முன்னே மயிர்க்கால் துவாரத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கியது. அந்த அடைப்பு உருவாகாமல் தடுப்பதுதான் அடாபலீனின் வேலை. அதனால் பரு இருக்கிற இடத்தில் அல்ல, வரக்கூடிய பரப்பு முழுக்கப் பூச வேண்டும்.

இரவு முகம் கழுவி, ஒற்றி எடுத்து, 20 நிமிடம் நன்றாக உலர விடுங்கள். ஈரத்தில் பூசினால் எரிச்சல் கூடும். முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, மூக்கு, இரு கன்னம், மோவாய் என்று ஐந்து புள்ளி வைத்துப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு முனை மூன்றையும் விட்டுவிடுங்கள். கழுத்துத் தோல் மெல்லியது, அங்கே மாய்ஸ்சரைசர் பூசிவிட்டு அதன்மேல் ஜெல். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு தினமும். அதிகம் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்பது தவறு. தோல் உரிந்து, எரிந்து, கறுப்புத் தடம்தான் மிஞ்சும்.

மூன்றாவது நான்காவது வாரத்தில் பரு கொஞ்சம் கூடலாம். 12 வாரம் முடியாமல் "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். ஃபேஸ்வாஷ் நாளுக்கு இரண்டு முறைதான். நான்கு முறை கழுவினால் எண்ணெய் நிற்காது, தோலின் காப்பு மட்டும் போகும்.

பெரம்பூர்_பார்மசிஸ்ட்:

தாமரை மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பரு சிவந்து வீங்குகிற வகை என்றால் அடாபலீனோடு கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடும் வேண்டும். 2.5% போதும். 10% வாங்குவதால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடுவதில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே ட்யூபில் வருவதும் உண்டு. தனியாக வாங்கினால் காலையில் பென்சாயில், இரவில் அடாபலீன். பென்சாயில் துணியை வெளுத்துவிடும். தலையணை உறை, துண்டு, துப்பட்டா எல்லாம் வெள்ளையாக இருந்தால் நல்லது. பட்டுப்புடவை கட்டும் நாளில் கழுத்தில் பூசாதீர்கள். ட்யூபை ஸ்கூட்டி டிக்கியில் வைக்காதீர்கள், சூட்டில் கெடும்.

க்ளிண்டாமைசின் ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போடுவது தப்பு. கிருமி அதற்குப் பழகிவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் பென்சாயிலோடு சேர்த்துத்தான். டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதினால் மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கணும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், மே மாதச் சென்னையில் இது சின்ன விஷயமில்லை. இதெல்லாம் கிருமியையும் வீக்கத்தையும் அடக்கும், ஹார்மோனைத் தொடாது. அதனால்தான் நிறுத்தின இரண்டாவது மாதமே தாடையில் திரும்பி வந்து நிற்கிறது.

சுகன்யா_ஹார்மோன்:

ஹார்மோன் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

தாடைப் பரு உள்ள பெரும்பாலான பெண்களுக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். எண்ணெய்ச் சுரப்பி அந்தச் சாதாரண அளவுக்கே கூடுதலாகத் துள்ளுகிறது, அவ்வளவுதான். "ரிப்போர்ட் நார்மல், அப்படியென்றால் ஹார்மோன் பரு இல்லை" என்பது சரியல்ல. வெறும் பரு மட்டும் என்றால் டெஸ்ட் கட்டாயமில்லை. ஆனால் மீரா, உங்கள் சுழற்சி 35 நாளைத் தாண்டுகிறது. உங்களுக்குப் பார்த்தே ஆக வேண்டும். சுழற்சி ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பையில் நிறைய நுண்பைகள், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு. ஸ்கேனுக்குப் பதில் ஏ.எம்.எச். (சினைப்பை நுண்பைகள் சுரக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2023 சர்வதேச வழிகாட்டி சொல்கிறது.

பீரியட்ஸின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். பார்க்க வேண்டியவை: மொத்த டெஸ்டோஸ்டீரோன் (ஆண் ஹார்மோன்), எஸ்.எச்.பி.ஜி. (அதைப் பிணைக்கும் புரதம்), டி.எச்.ஈ.ஏ.எஸ். (அட்ரினல் சுரப்பியின் ஆண் ஹார்மோன்), 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டீரோன், புரோலாக்டின், டி.எஸ்.எச். (தைராய்டு), கூடவே சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் சோதனை. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் மூன்று மாதம் நிறுத்தாமல் டெஸ்டோஸ்டீரோன் பார்ப்பதில் அர்த்தமில்லை. குரல் கட்டையாவது, சில மாதத்துக்குள் முகத்தில் முடி கிடுகிடுவென வளர்வது, உச்சந்தலை வழுக்கை, இவை இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் பழைய ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிக்கும். எண்ணெய்ச் சுரப்பியில் ஆண் ஹார்மோன் ஒட்டும் இடத்தையும் அடைத்துவிடுவதால் பருவுக்குப் பயன்படுகிறது. இங்கிலாந்தில் 410 பெண்களை வைத்து நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் ஆறு வாரம் 50 மி.கி., பிறகு 100 மி.கி. கொடுத்தார்கள். 12-ஆவது வாரத்தில் வித்தியாசம் சிறிதுதான், 24-இல் தெளிவாகத் தெரிந்தது. ஆக ஆறு மாதப் பொறுமை இருந்தால்தான் தொடங்க வேண்டும். காலையில் சாப்பிடுங்கள், இரவில் எடுத்தால் பாத்ரூமுக்கு எழுந்துகொண்டே இருப்பீர்கள். பீரியட்ஸ் முன்னே பின்னே தள்ளுவது, மார்பகத்தில் வலி, எழுந்து நின்றால் தலைசுற்றல் வரலாம்.

பொட்டாசியம் பற்றிய பயம் நிறையப் பேருக்கு. சிறுநீரகம் நன்றாக உள்ள இளம் பெண்ணுக்கு அது ஏறுவது அரிது, ஓர் இளநீர் குடித்ததற்குக் கலங்க வேண்டாம். ஆனால் சிறுநீரகக் கோளாறு, பிரில் அல்லது சார்ட்டன் என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரை, பொட்டாசியம் சிரப், ட்ரைமெத்தோபிரிம் ஆன்டிபயாட்டிக், இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தம் பார்க்காமல் தொடக்கூடாது. ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கருத்தடை கட்டாயம். ஆண்களுக்கு இது வேண்டாம், மார்பு வளர்ந்துவிடும்.

இன்னொரு வழி கூட்டுக் கருத்தடை மாத்திரை, எத்தினைல் எஸ்ட்ராடியோலோடு டிராஸ்பிரினோன் அல்லது சைப்ரோடீரோன் சேர்ந்தது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், கண்முன் மின்னலடித்து வரும் மைக்ரேன் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கூடியவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள் எடுக்கக் கூடாது. "இதைச் சாப்பிட்டால் பிறகு குழந்தை நிற்காது" என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையல்ல, நிறுத்தினால் கருமுட்டை வெளியேற்றம் திரும்பும். காப்பர்-டி மாதிரி கருப்பைக்குள் வைக்கும், லெவோனார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள சாதனம் சிலருக்குப் பருவைக் கூட்டும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் அடங்காமல் பள்ளத்தழும்பு விழுகிறதென்றால் ஐசோட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மாத்திரை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, சிகிச்சை முடியும்போது மொத்தம் 120 முதல் 150 மி.கி. வரை சேர்கிற கணக்கு. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும். டாக்ஸிசைக்ளினோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம்.

ராகவன்_அண்ணாநகர்:

சென்னைக்கே உரிய சில விஷயம்.

நெற்றி, மார்பு, முதுகில் ஒரே சைஸில், அரிப்போடு பொரிப்பொரியாக வந்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிடச் சாப்பிடக் கூடுவது அதன் அடையாளம். மீராவுக்கு உள்ளது தாடையில், வலியோடு, அரிப்பில்லை, அது வேறு.

போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாது, தோலில் படலமாக நின்று இழுக்கும். கட்டி சோப்பை விட்டு ஜெல் க்ளென்சருக்கு மாறினாலே பாதி இழுப்பு போய்விடும்.

சன்ஸ்கிரீன் பிசுபிசுக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள்தான் தடம் போகவில்லை என்று கேட்கிறார்கள். ஜெல் வகை, எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், இரண்டு விரல் நீளம். அதற்குக் குறைந்தால் அட்டையில் எழுதின காப்பு கிடைக்காது. டூவீலர் ஓட்டினால் ஹெல்மெட் வாரும் மோவாய்ப் பட்டையும் துவைக்க வேண்டியவை. தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும். முகத்தில் துவாரத்தை அடைக்கும். எலுமிச்சை, பற்பசை இரண்டும் தோலைப் புண்ணாக்கும். நலங்கு மாவை வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம், வீங்கின பரு உள்ளே உடைந்தால் தழும்பு விழலாம்.

கல்யாணம், இன்டர்வியூ என்று நாளைக்கே ஒரு பெரிய உருண்டை அமுங்க வேண்டுமென்றால் பிதுக்காதீர்கள். தோல் மருத்துவர் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை நீர்த்து ஒரு துளி ஊசி போடுவார், ஓரிரு நாளில் தணியும். செறிவு கூடினால் அங்கே பள்ளம் விழும் என்பதால் பார்லரில் யாராவது போட்டுவிடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மீரா_நங்கநல்லூர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அடுத்த வருஷம் குழந்தைக்குத் திட்டம் இருக்கிறது, அப்படியென்றால் இதில் எது ஆகும்? மேலுதட்டுக்கும் மோவாய்க்கும் திரெடிங் செய்வதுண்டு, அடாபலீனோடு தொடரலாமா?

சுகன்யா_ஹார்மோன்:

அடுத்த வருஷம் என்றால் ஸ்பைரோனோலாக்டோனைத் தொடங்குவதில் பெரிய லாபமில்லை. பலன் தெரிய ஆறு மாதம், பிறகு முயற்சிக்கு ஒரு மாதம் முன்பாவது நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பரு திரும்பலாம். இப்போதைக்கு அடாபலீன், பென்சாயில். முயற்சி தொடங்கும்போது அடாபலீனை நிறுத்தி அசலாயிக் ஆசிட் 20%-க்கு மாறுங்கள். அது கர்ப்பத்திலும் போடத்தக்கது, கறுப்புத் தடத்தையும் மெல்ல வெளுக்கும். முதல் சில வாரம் அரிக்கும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். ஒன்றுவிட்டு ஒருநாள் தொடங்கினால் தாங்கலாம். பி.சி.ஓ.எஸ். டெஸ்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், குழந்தைத் திட்டத்துக்கும் அந்த ரிப்போர்ட்தான் முதலில் கேட்பார்கள்.

தாமரை_தோல்நலம்:

திரெடிங்குக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்னால் அந்த இடத்தில் அடாபலீனை நிறுத்துங்கள், முடிந்தபின் சிவப்பு அடங்கும்வரை பூசாதீர்கள். வாக்ஸிங் வேண்டவே வேண்டாம், மேல்தோலும் சேர்ந்து உரிந்து வரும். மோவாயில் உருண்டை திரண்டிருக்கும் வாரத்தில் நூலும் வேண்டாம். பீரியட்ஸ் முடிந்த வாரம் போவது நல்லது. மோவாயில் கட்டைமுடி எத்தனை, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள் என்பதையும் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் ஆண் ஹார்மோன் கணக்கில் வரும்.